ஒற்றை ஸ்பிரிங்

வால்வு ஸ்பிரிங் மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேர், இருப்பதிலேயே விறைப்பானதைப் போடுங்கள் என்பார்கள். அது தவறு. விறைப்பு கூடினால் வால்வைத் தள்ளித் திறக்கிற கேம் ஷாஃப்ட் தேய்ந்துபோகும். குறைந்தால், வேகம் ஏறும்போது வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் அந்தரத்தில் நிற்கும், மேலே வருகிற பிஸ்டன் அதைப் போய் இடிக்கும். எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் போட வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சொன்னவர் நாலு இன்ஜினாவது பிரித்திருப்பார் என்று நான் சொல்வதுண்டு.

நான் கேட்டதும் அலமாரியிலிருந்து அந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து வைத்தீர்களே, நன்றி, இன்ஸ்பெக்டர். அதில் இருப்பது நான் மாட்டிய ஸ்பிரிங்தான். மூன்றாவது சிலிண்டர், புகை வெளியேறும் பக்கம். உங்கள் நிபுணர் உலோகக் களைப்பால் உடைந்தது என்று எழுதினார், நீங்களும் விபத்து என்று வழக்கை முடித்துவிட்டீர்கள். அவர் படித்த மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் களைப்பு எங்கே தொடங்கியது என்று அவர் பார்க்கவில்லை. உடைந்த இடத்துக்கு உள்பக்கமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எறும்பு கடித்த அளவுக்கு ஒரு தடம் தெரியும்.

எனக்கு ஒரே தங்கை. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு. சமைக்கக் கற்றுக்கொண்டேன், தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் கிரீஸ் கையோடு போய் உட்காருவேன். வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்று நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. கீழே பட்டறை, மேலே வீடு. அவள் வளர்ந்ததும் என் பக்கத்தில் நின்று மைக்ரோமீட்டரைப் பார்த்து அளவு சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். அவள் சொன்ன அளவு ஒரு நாளும் பிசகியதில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். என் பட்டறையில் வேலை செய்துகொண்டு, நாங்கள் கட்டிய காரைப் பந்தயத்தில் ஓட்டியவன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் நத்தை. காருக்கு வெளியே அவ்வளவு நிதானம், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று பேசி முடித்துவிட்டேன். வீட்டோடு மாப்பிள்ளை. தங்கைக்குக் கல்யாணமும் ஆயிற்று, அவள் வீட்டை விட்டுப் போகவும் வேண்டாம். மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தோம்.

போன வருடம் ஒரு நாள் மதியம், சாப்பிடும்போது அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"மச்சான், இந்த சீசன் கடைசி ரேஸ்ல மொத மூணு எடத்துக்குள்ள வந்தா ஒரு பெரிய டீம்ல என்னை எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க ஊர்ல வீடும் அவங்களே தர்றாங்க."

"இங்க என்ன குறைச்சல்?" என்று கேட்டேன். அவனைக் கேட்கவில்லை, தங்கையைக் கேட்டேன்.

"குறைச்சல்னு ஒண்ணுமில்லண்ணா. எனக்குன்னு ஒரு வீடு வேணும்னு ஆசை. நானே பூட்டி நானே தெறக்கற மாதிரி. நீங்களும் அடிக்கடி வந்து இருங்க."

வந்து இருங்களாம். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. நல்லது, போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

ஜெயிக்க வேண்டுமென்றால் இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கேம் ஷாஃப்டை மாற்றினோம். நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று போன இன்ஜினை எட்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுபோக வேண்டும், பழைய ஸ்பிரிங் தாங்காது. உதிரிபாகக் கடைக்கு நானும் அவனும் போனோம். கடைக்காரர் இரண்டு வகை எடுத்துவைத்தார். ஒன்று ஒற்றை ஸ்பிரிங். மற்றது இரட்டை, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும்.

"ரெட்டையே போட்டுடுங்க," என்றார் கடைக்காரர். "ஒண்ணு ஒடைஞ்சாலும் இன்னொண்ணு வால்வை விடாது. சத்தம் கேட்டதும் வண்டிய ஓரம் கட்டிக்கலாம். ஒத்தை ஒடைஞ்சா வால்வு நேரா உள்ள விழுந்துடும்."

"ரெட்டை வெயிட்டு, மாப்பிள்ளை. ஒத்தைதான் சுறுசுறுப்பா இருக்கும்," என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்தான். பிறகு, "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று ஒற்றையை எடுத்துக்கொண்டான்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்பிரிங் இலேசானது. நல்ல பட்டறைக்காரர்கள் பலர் அதைத்தான் போடுகிறார்கள்.

ஸ்பிரிங்கைக் குறடால் தொடக்கூடாது என்பது எங்கள் பட்டறையின் சட்டம். சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறேன். மெருகேற்றிய கம்பி அது. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் அமுங்கி எழும். மேலே ஒரு கீறல் விழுந்தால் விரிசல் அங்கேதான் பிடிக்கும். வெகு காலத்துக்கு முன்னால் நானே ஒரு தடவை அவசரத்தில் குறடால் எடுத்து மாட்டிவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் உடைந்தது. மெதுவான வளைவு அது, ஓட்டியவர் திட்டிக்கொண்டே இறங்கிவந்தார்.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் தங்கை பதினாறு ஸ்பிரிங்கையும் அளந்து, எண்ணெய் தடவி, வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்துவிட்டு மேலே போனாள். வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள் அப்போது. தகர டப்பாக்களை அவள் அடுக்குகிற சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. பதினைந்து ஸ்பிரிங்கை விரலால் எடுத்து மாட்டினேன். ஒன்றைக் குறடால் எடுத்தேன். கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன்.

இன்ஜின் நின்றுவிடும், பந்தயம் போகும், அந்த வேலையும் போகும், மூன்று பேரும் பழையபடி இருப்போம் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் உங்களிடம் சொல்லலாம் என்று வந்தேன். பல நாள் நானே அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் பந்தய நாள் காலையில் நடந்ததைக் கேட்டால் நான் அப்படி நினைத்தேன் என்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

பயிற்சி ஓட்டம் முடிந்து காரை நிறுத்தினான். பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. இன்ஜினை அணைக்காமல் என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், ஒரு டிக் சத்தம் வருது. கொஞ்சம் கேளுங்களேன்."

நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை வால்வு மூடிமேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். நாங்கள் அப்படித்தான் கேட்போம். மூன்றாவது சிலிண்டர். பயிற்சி முடிந்து மெதுவாகத் திரும்பி வரும்போதே ஸ்பிரிங் உடைந்துவிட்டிருந்தது. உடைந்தாலும் மெதுவாக ஓடும்வரை இரண்டு துண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எப்படியோ சமாளிக்கும். முழு வேகத்துக்குப் போனால்தான் கைவிடும்.

நான் ஆசைப்பட்டது இன்ஜின் கெடுவது மட்டும் என்றால், அது அப்போதே கெட்டாகிவிட்டது. நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் மாற்று ஸ்பிரிங் என் பெட்டியிலேயே இருந்தது. அவனுக்கும் அது தெரியும். ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மாற்றினால் ஓட்டுவான், ஓட்டினால் ஜெயிப்பான். அவன் ஓட்டுவதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"டேப்பட் சத்தம்தான். ஒண்ணும் ஆகாது," என்றேன். எல்லா இன்ஜினிலும் வருகிற, ஆபத்தில்லாத சத்தம் அது.

அவன் ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்து மறுபடியும் காது கொடுத்தான். தங்கை பக்கத்தில்தான் நின்றாள். "அண்ணா கேட்டுட்டாருல்ல, அப்புறம் என்ன? போங்க," என்று அவன் தோளைத் தட்டினாள்.

அந்தப் பந்தயப் பாதையில் எட்டாயிரத்து ஐந்நூறு சுற்றை எட்டுவது ஒரே இடத்தில்தான். நீளமான நேர்ப்பாதையின் கடைசியில். அதைத் தாண்டினால் வளைவு, வளைவுக்குப் பின்னால் சுவர். வால்வு விழுந்து, இன்ஜின் வெடித்து, எண்ணெய் அவனுடைய பின்சக்கரத்திலேயே கொட்டியது. பிரேக் பிடித்தும் பயனில்லை. இவையெல்லாம் உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கின்றன. ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுக்கும்போதே நான் அந்தச் சுவரை நினைத்தேன் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனைக் கொன்றது நான்தான்.

எட்டு மாதம் ஆகிறது. கட்டிய மூட்டைகளை நானே பிரித்து, அது அது இருந்த இடத்தில் வைத்தேன். வேளாவேளைக்கு அவளைச் சாப்பிட வைத்தேன். பட்டறைக்கு வந்து உட்காருவாள். அளவு சொல்லக் கேட்டால் தப்பாகச் சொல்வாள், நான் திருத்திக்கொள்வேன். ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. வீடு மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்தது.

போன வாரம், மாமியாரோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னாள்.

"அத்தையும் தனியா இருக்காங்கண்ணா. எனக்கு இங்க மூச்சு முட்டுது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை கிளம்புகிறாள். இன்று வெள்ளி. அதனால்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தான் என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் விஷயம் அதுவல்ல. பட்டறையில் இரண்டு இன்ஜின் பிரித்தபடி கிடக்கின்றன. நான் உள்ளே போய்விட்டால் அவற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவள் ஊருக்குப் போக மாட்டாள். பொறுப்பான பெண், நான் வளர்த்தவள்.

விஷயம் தெரிந்ததும் கோபப்படுவாள். ஒரு மாதம், இரண்டு மாதம் முகம்கொடுத்துப் பேச மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பிறகு தானே வந்து பேசுவாள். சிறையில் வாரம் ஒரு நாள் உறவினரைப் பார்க்க விடுவார்களாமே. அவளுக்கு வசதியான நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். கட்டாயம் வருவாள், இப்போது அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?