முற்றம் இருந்த வீடு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த பெரியவர் பக்கத்திலிருந்த தன் மச்சானிடம் சொன்னார்:

"பழைய வீட்டை இடிச்ச அன்னிக்குத்தான் என் தங்கச்சிக்குக் கண்ணு போச்சு."

தங்கை எதிர்ப்பக்க ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னா மாமா சொல்றீங்க? அவுங்களுக்குப் பொறந்ததுலேருந்தே பார்வை கெடையாதே."

"கெடையாதுதான். ஆனா அந்த வீட்டுல யாரும் அவ கையைப் புடிச்சதில்ல. முற்றத்து வெயில் கால்ல பட்டா சமையக்கட்டு கிட்ட வந்துட்டோம்னு தெரியும். மரத்தூண் தட்டுப்பட்டா கூடம்னு தெரியும். தானே தண்ணி எறைப்பா, சோறு வடிப்பா. நான்தான் இடிச்சுட்டு மாடி வீடா கட்டுனேன். இப்ப எங்க கால் வச்சாலும் ஒரே டைல்ஸ், எங்க தொட்டாலும் ஒரே செவுரு. நேத்து ஹால் நடுவுல நின்னுக்கிட்டு, 'அண்ணே, நான் எங்க இருக்கேன்?'னு கேக்குறா."

மச்சான் தூங்குகிறவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அதான் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

"வேண்டுதல் எதுவும் இல்ல மச்சான். பிரகாரத்துக் கல்லுல கால் பட்டதும் என் கையை விட்டுடுறா. ஒவ்வொரு தூணா தொட்டுக்கிட்டு விறுவிறுன்னு போறா. போன வாரம் நான்தான் அவளைத் தேடிக்கிட்டு நின்னேன்."