பதினேழாம் எண் உறை

என் பெயர், கணவர் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் தனியே எழுதப்பட்டுள்ளன. வயது 29. படிப்பு இளங்கலை வேதியியல். குழந்தை பிறக்கும்வரை ஒரு பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன்.

வழக்கமாக வாக்குமூலம் எழுதும் காவலருக்குக் கையில் கட்டுப் போட்டிருப்பதால், இங்குள்ள பெண் அதிகாரி, "படிச்ச பொண்ணுதானே, நீயே எழுதிடும்மா. நடந்ததை நடந்த வரிசையில எழுது. அழுததெல்லாம் எழுத வேணாம்" என்று சொன்னதன்பேரில் நானே என் கையால் எழுதுகிறேன். யாரும் வற்புறுத்தவில்லை.

எனக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒன்றரை வயதில் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தபோது எடுத்த ஸ்கேனில் வலது சிறுநீரகம் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். வளர வளரத் தானாகவே வடிந்துவிடலாம், வடியாமலும் போகலாம், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். அதன் பிறகு இரண்டரை வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதற்கென்றே உள்ள அறுவை மருத்துவர் ஒருவர் நகரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு மருத்துவமனைக்கு மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மட்டும் வந்து போவார். இந்த மாதம் 13ஆம் தேதி எங்களுக்கு அவரிடம் இடம் கிடைத்தது. பழைய ஸ்கேனையும் புது ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் சொல்வார், பேப்பரை மட்டும் கொண்டுவந்தால் பார்க்க மாட்டார், அடுத்த மாதம்தான் என்று அவருடைய உதவியாளர் போனில் இரண்டு முறை சொன்னார்.

அதனால் 3ஆம் தேதி திங்கட்கிழமை, இப்போது என்மேல் புகார் கொடுத்துள்ள மருத்துவமனையில் குழந்தைக்குப் புது ஸ்கேன் எடுத்தோம். அசையாமல் படுக்க வேண்டும் என்று சொன்னதற்கு, கையில் இருக்கும் பொம்மையும் அசையக்கூடாதா என்று கேட்டாள். இரண்டு பேரும் அசையவில்லை.

அதன் பிறகு 6ஆம் தேதி வியாழக்கிழமை காலை, ஸ்கேன் படங்களின் சிடியையும் ரிப்போர்ட்டையும் வாங்குவதற்காக அங்குள்ள பதிவேட்டுப் பிரிவுக்குப் போனேன். அது மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜன்னல். உள்ளே இரண்டு நாற்காலி. ஒன்றில் கிளார்க், இன்னொன்றில் கட்டுக்கட்டாக ஃபைல்கள். விண்ணப்பத்தில் குழந்தைக்கு நான் என்ன உறவு, பிரதி எதற்காக என்று எழுதிக் கொடுத்தேன். டோக்கன் எண் 17 கிடைத்தது. இரண்டு மணி நேரம் கழித்து எண்ணைக் கூப்பிட்டார்கள். மார்க்கரால் 17 என்று எழுதி, பின் அடித்த பழுப்பு நிற உறையைக் கிளார்க் கொடுத்தார். ரிஜிஸ்டரில் "சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் போன் எண்ணும் எழுதினேன். பெற்றுக்கொண்டது உண்மை. சரிபார்க்கவில்லை. பின்னால் இருபது பேர் நின்றார்கள், குழந்தை சிறுநீர் வருகிறது என்றாள்.

அதன் பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து பின்னைப் பிரித்து, ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படித்தேன். இரண்டு சிறுநீரகங்களும் இயல்பாக இருக்கின்றன, குறை எதுவும் இல்லை என்று இருந்தது. அந்த வரியை மட்டும் போட்டோ எடுத்து என் கணவருக்கு அனுப்பினேன். அவர் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டு, "நிஜமாவா? இன்னொரு தடவை படி" என்றார். இன்னொரு தடவை படித்தேன். அதே வரியைத்தான் படித்தேன்.

பரிசோதனைக் கூடத்தில் முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, லேபிளைப் படிக்காமல் பாட்டிலில் கை வைக்காதே என்பது. மூன்று வருடம் அந்தப் பழக்கத்தை விட்டதில்லை. அன்று விட்டேன்.

6ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை நான்கு இரவுகள் நன்றாகத் தூங்கினேன். நடுவில் எழுந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

குணமாகிவிட்டதே என்று 13ஆம் தேதியை விட்டுவிடவும் மனம் வரவில்லை. படத்தை டாக்டரே ஒரு தடவை பார்க்கட்டும் என்றார் என் கணவர். பழைய ஃபிலிம்களில் ஒன்றைத் தவிர மற்றவை மழைக்காலத்தில் பீரோவுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அதனால் புதுப் படங்களை எங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள நினைத்தேன். சிடி போடும் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாரிடமும் இல்லை. 10ஆம் தேதி திங்கட்கிழமை எங்கள் தெருமுனை போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை இன்னுமா குடுக்கிறாங்க? நான் இதுல முகம்தான் பார்ப்பேன்" என்று சொல்லி, மேசைக்கு அடியில் துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டரை வெளியே எடுத்தார். அது கண்ணைத் திறக்கப் பத்து நிமிடம் ஆனது. படம் வந்தது. ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் இருந்தது.

"பாப்பாவைப் பையன் பேர்லயா கூப்பிடறீங்க?" என்று கேட்டார்.

வயது ஆறு, ஆண் என்று அதற்குக் கீழே இருந்தது. உறையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து முதல் முறையாக மேலே பார்த்தேன். அதிலும் அதே பெயர். ஸ்டுடியோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

அன்று மதியமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கிளார்க் ரிஜிஸ்டரைப் பார்த்து, "உங்களுக்குக் குடுத்தாச்சும்மா. கையெழுத்து இருக்கு" என்றார்.

"குடுத்தது எங்களோடது இல்லைங்க."

"அப்ப உங்களோடது எங்கே?"

"அதைத்தானே நான் கேக்கறேன்."

இன்னொரு பிரதி எடுக்கச் சூப்பரின்டெண்ட் கையெழுத்து வேண்டும், அவர் 17ஆம் தேதி வரை விடுப்பு என்றார். அவர் இல்லாமல் எடுக்க வேண்டுமானால் ஒரே வழி, முதல் பிரதி தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதி வாங்கி வர வேண்டும் என்றார். தொலையவில்லையே, அது யாரிடமோ இருக்கிறதே என்றேன். அந்தப் பையனின் வீட்டு எண்ணையாவது கொடுங்கள் என்று கேட்டேன். "அடுத்தவங்க விவரத்தைக் குடுத்தா என் வேலை போயிடும்மா. உங்க நம்பரை நான் யாருக்காவது குடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டார். அவர் சொன்னதில் தவறு இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிரவு தூங்கவில்லை.

இன்று 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மறுபடி போனேன். சூப்பரின்டெண்ட் அறைக்கு வெளியே நின்றேன், அவருக்கு அடுத்தவரின் அறைக்கு வெளியே நின்றேன், இரண்டு இடத்திலும் ஜன்னலில் போய்க் கேளுங்கள் என்றார்கள். ஜன்னலில் கேட்டேன். கிளார்க், "நேத்து சொன்னதைத்தாம்மா இன்னிக்கும் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு, உறைகள் எடுக்க உள்ளறைக்குப் போனார். ரிஜிஸ்டர் ஜன்னல் பலகையில் இருந்தது. அதை எடுத்துக் குழந்தையின் ஸ்வெட்டருக்குள் வைத்து, குழந்தையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக வெளியே வந்தேன். அப்போது மணி பன்னிரண்டு இருக்கும். நான் இதை மறுக்கவில்லை.

எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு நாளும் டோக்கன் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அன்றைக்கு வாங்கிக்கொள்ளாமல் போனவர்களின் உறைகள் மறுநாள் அதே தட்டில், அதே எண்ணோடு கிடக்கின்றன. 5ஆம் தேதி 17 அந்தப் பையனுடையது; கையெழுத்து இல்லை. 6ஆம் தேதி 17 என்னுடையது, கையெழுத்து இருக்கிறது. 6ஆம் தேதிப் பக்கத்தின் அடியில் மறுபடி ஒரு 17, பக்கத்தில் "நேற்று" என்று எழுதி, ஒரு கையெழுத்தும் போன் எண்ணும் இருந்தன. அதாவது அன்று தட்டில் இரண்டு பதினேழு இருந்திருக்கின்றன. நான் முதலில் போய் அவர்களுடையதை வாங்கியிருக்கிறேன். மாலையில் அவர்கள் வந்து மிச்சம் இருந்ததை வாங்கியிருக்கிறார்கள்.

அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். குரல் ஜலதோஷம் பிடித்தது மாதிரி இருந்தது. இன்னார் என்று சொல்லி, உங்களிடம் இருக்கும் ரிப்போர்ட்டில் மேலே என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"மேல எல்லாம் நாங்க பார்க்கலைங்க" என்றார். "கீழதான் பார்த்தோம்."

அதன் பிறகு தாள் பிரிக்கும் சத்தம் கேட்டது. என் மகளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அப்ப எங்க பையனுக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. உங்க பையன் நல்லா இருக்கான். என் கையில இருக்கு, நான் படிச்சேன்."

இதை நான்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், அந்தத் தாளின் கீழே என்ன எழுதியிருந்தால் ஒரு தாயின் குரல் ஐந்து நாளில் இப்படி ஆகும் என்று யோசித்தேன். எங்களுடையதில் என்ன போட்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "உங்க பாப்பாவுக்கு எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். உறையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பி வருவதாகச் சொன்னார்.

அப்போது மருத்துவமனைக் காவலாளி தெருவைத் தாண்டி வந்தார். அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே என் மகள், "இது எங்க புக் இல்ல மாமா. அம்மா கேக்காம எடுத்துட்டு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். நான் ரிஜிஸ்டரை அவரிடம் கொடுத்தேன். ஒரு தாளையும் கிழிக்கவில்லை. ஒரு எண்ணைத் தவிர வேறு எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அவர் என் கையைப் பிடிக்கவில்லை. குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அதன் பிறகு மருத்துவமனை கொடுத்த புகாரின்பேரில் பிற்பகல் ஒரு மணிக்கு இங்கே அழைத்து வரப்பட்டேன். கிளார்க்கும் வந்தார். "முன்னாடி ரெண்டு பேர் இருந்தோம்மா. ஒருத்தர் எடுத்துக் குடுப்பார், ஒருத்தர் பேரைப் படிச்சுக் கையெழுத்து வாங்குவார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். காலி நாற்காலியில் ஃபைல் வைத்தது அவர் குற்றம் இல்லை. அவர்மேல் நான் புகார் எதுவும் சொல்லவில்லை. பெண் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தொலைஞ்சு போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா அரை மணி நேரத்துல சர்டிபிகேட் குடுத்திருப்போமேம்மா. உண்மையைப் பேசி இப்படி வந்து உக்காந்திருக்கியே" என்றார்.

நான் இங்கே இருப்பதைப் போனில் சொல்லியிருந்ததால், மூன்று மணிக்கு அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் பையனைக் கூட்டிக்கொண்டு உறையோடு வந்தார்கள். பையனும் என் மகளும் மேசைமேல் இருந்த ஸ்டாம்ப் பேடில் விரலைத் தொட்டு ஒரு காகிதம் முழுக்க ரேகை வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அந்த அம்மா முதலில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் கழுவியிருந்தார், ஆனாலும் கண் அப்படியேதான் இருந்தது. "அஞ்சு நாளா கண்ணு மூடலைங்க. இனிமே தூங்குவேன்னு சொல்லவும் வாய் வரலை" என்றார். நான்கு இரவு நான் தூங்கியது இவருடைய தூக்கம். அதற்குத்தான் மேலே எழுதினேன்.

இரண்டு உறைகளும் இந்த வழக்கில் சான்றுப்பொருள் என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டப்பட்டுள்ளன. மேலதிகாரி வந்து பார்க்கும்வரை கொடுக்க முடியாது என்கிறார்கள். அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை. என் மகளின் ரிப்போர்ட்டின் கடைசி வரியை நான் இன்னும் படிக்கவில்லை. நான் உட்கார்ந்து எழுதும் இடத்துக்கும் அந்த இழுப்பறைக்கும் ஒரு முழ தூரம்தான். 13ஆம் தேதி என்பது நாளை மறுநாள்.

ரிஜிஸ்டரை அனுமதி இல்லாமல் எடுத்தது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தண்டனையை 13ஆம் தேதிக்குப் பிறகு கொடுக்கும்படியும், இழுப்பறையில் உள்ள சிடியின் பிரதி ஒன்றை அதற்கு முன்பே எனக்குக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். அதைப் போட்டுப் பார்க்க எங்கள் தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்தப் பையனின் உறையையும் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். போனில் நான் சொன்னதை அந்த அம்மா தன் கண்ணால் படித்தால்தான் தூக்கம் வரும்.

மேலே உள்ளவை அனைத்தும் நடந்தவை; கூட்டவில்லை, குறைக்கவில்லை. இந்த வாக்குமூலத்தை முதல் தாளில் உள்ள பெயரிலிருந்து தொடங்கி, ஒரு வரியும் விடாமல் கீழே வரைக்கும் படித்துப் பார்த்தேன். பெயர் என்னுடையதுதான். சரிபார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)
11ஆம் தேதி, மாலை 5.40