உள்ளே இருந்தவள்

— பேச்சை மாத்தாத. வச்சுக்கப் போறியா, எடுத்துடப் போறியா? அதை மட்டும் சொல்லு.

— மெதுவா பேசுங்க அத்தை. புள்ளை இப்பதான் தூங்கினான்.

— என் பையன் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். அவன் முன்னாடி இதைப் பேச முடியாது.

— அந்த டவலை இப்படிக் குடுங்க, மடிக்கிறேன்.

— நானே மடிச்சுக்குறேன். நீ மடிச்சா மூலைக்கு மூலை சேராது. என் கர்ப்பப்பையைப் பத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன், இவ டவலைக் கேக்குறா.

— உங்க கர்ப்பப்பையா?

— சரி, உன்னோடது. குடுத்தாச்சு. இனி உன்னோடதுதான்.

— மத்த மாமியாருங்க மருமகளுக்கு நகை போடுவாங்க. எனக்கு வாய்ச்சவங்க கர்ப்பப்பையைக் குடுத்துட்டு, தினமும் அது சௌக்கியமான்னு விசாரிக்கிறாங்க.

— கிண்டலா? பிறவியிலேயே உனக்கு அது இல்லன்னு தெரிஞ்சுதான் என் பையன் உன்னைக் கட்டினான். உங்கம்மா தர்றேன்னாங்க, பிரஷர் இருக்கு, ஆகாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அப்ப கையைத் தூக்கினது யாரு?

— நீங்கதான். நான் இல்லைன்னா சொன்னேன்?

— எல்லாம் நின்னு போய் சும்மா கிடந்ததை, மாத்திரை குடுத்து, தூசி தட்டி, ஆறு மாசம் பாடுபட்டாங்க.

— தெரியும் அத்தை. என் புருஷன் இருந்த இடத்துலயே என் புள்ளையும் இருந்தான். ஆபீஸ்ல இதைச் சொன்னா பாதி பேருக்குத் தலை சுத்துது.

— எனக்கே சுத்துச்சு. சரி, டாக்டர் என்ன சொன்னார்? ஒரு புள்ளை பொறந்ததும் எடுத்துடலாம். இல்ல, ரெண்டாவதுக்காக வச்சுக்கலாம். சொன்னாரா இல்லையா?

— வச்சுக்கிட்டா மாத்திரையை நிறுத்த முடியாதுன்னும் சொன்னார். அடுத்தவங்க உறுப்பை என் உடம்பு வெளிய தள்ளாம இருக்கத்தான் அந்த மாத்திரை. அது என் கிட்னியைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. என் கால் எப்படி வீங்கிச்சு, பாத்தீங்கல்ல?

— பாத்தேன். செருப்பே நுழையல.

— பாத்துட்டும் கேக்குறீங்களே.

— கேக்குறேன். வெக்கத்தை விட்டுட்டுக் கேக்குறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு பெத்துக்கோ. அதுக்கப்புறம் எடுத்துத் தூரப் போடு.

— ஒரு பேரன் போதாதா?

— பேரன் தங்கம். அவனை நான் குறை சொல்லல...

— பின்ன?

— ஒண்ணுமில்ல. அந்தச் சட்டையைத் திருப்பு, உள்பக்கம் வெளிய இருக்கு... காலையில மாத்திரை போட்டியா?

— போட்டேன்.

— அலாரம் அடிக்கலயே. முன்னாடியெல்லாம் அது அடிச்சா மாடி வீட்டுக்காரங்களும் எந்திரிச்சுடுவாங்க.

— புள்ளை பயப்படுறான்னு சத்தத்தை நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க என்ன போலீஸா?

— தையக்காரி. பிரிஞ்ச நூல் கண்ணுல படாம இருக்காது. அன்னைக்கு பாத்ரூம்ல யார்கூடப் பேசிக்கிட்டிருந்த?

— போன்ல, எங்கம்மாகூட.

— போன் இந்த மேஜை மேல கிடந்துச்சு. பாட்டு வேற. தாலாட்டு. பொடியன் என் மடியில இருந்தான்.

— பழகிப் போச்சு அத்தை. வாய் தானா பாடுது. விடுங்களேன்... உங்க தழும்பு இன்னும் வலிக்குதா?

— மறுபடியும் பேச்சை மாத்துற.

— நிஜமாதான் கேக்குறேன்.

— அது தழும்பா? சட்டைக்குக் காஜா எடுத்த மாதிரி சின்னச் சின்னதா நாலு ஓட்டை. பட்டன் வச்சா மாட்டிக்கலாம். உனக்குத்தான் ஜிப் வச்சுட்டாங்க, தொப்புள்ல இருந்து கீழ வரைக்கும்.

— சிரிக்க வைக்காதீங்க, ஜிப் பிரிஞ்சுடும்.

— டாக்டர் என்னைத் தொடவே இல்ல, தெரியுமா? மூலையில ஒரு பெட்டிக்குள்ள முகத்தை விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாராம். அவர் அங்க விரலை அசைக்க, இங்க அந்த ரோபோ கை ஒவ்வொரு ரத்தக்குழாயா பிரிச்சு எடுத்துச்சாம். நாள் பூரா. கடைசியில ஒரு பையில போட்டு, புள்ளை வர்ற வழியாவே வெளிய எடுத்தாங்களாம்.

— அய்யோ, கேட்டாலே கூசுது.

— எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தைக்கிறது எல்லாருக்கும் வரும். துணி கிழியாம பிரிக்கிறதுக்குத்தான் நிதானம் வேணும். அப்புறம் அவரைப் பாத்தப்ப ஒண்ணு கேட்டேன்.

— என்ன கேட்டீங்க?

— அந்தக் கேமரா எல்லாத்தையும் பத்து மடங்கு பெரிசா காட்டுமாமே... உள்ள யாராச்சும் தெரிஞ்சாங்களான்னு.

— அத்தை!

— சிரிச்சார். நான் சிரிக்கலன்னதும் நிறுத்திட்டார். நாங்க வெளிப்பக்கம்தான் பாப்போம், உள்ள பாக்க முடியாதும்மான்னார். பாக்க முடியாதுன்னுதான் சொன்னார். யாரும் இல்லைன்னு சொல்லல.

— உள்ள யார் இருக்கப் போறாங்க?

— உன்னோட ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துலதானே? நடுவுல ஒரே கதவு. ஐஸ் வச்ச பாத்திரத்துல அதைத் தூக்கிட்டு வந்தாளே ஒரு நர்ஸ், ஒல்லியா, கண்ணாடி போட்டவ. மறுநாள் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எத்தனையோ தூக்கியிருக்கேன், உங்களோடதைத் தூக்கினப்ப மட்டும் என் கை தானா வளைஞ்சுதும்மான்னா. தூங்குற புள்ளையைத் தூக்குற மாதிரி.

— எங்கிட்டயும் ஒண்ணு சொன்னாங்க. வெளுத்துப் போய்த்தான் வந்துச்சாம். என் ரத்தம் பாஞ்சதும் சிவந்துச்சாம். எல்லாரும் கை தட்டினாங்களாம்.

— தட்டுவாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்... ஜன்னலைச் சாத்தட்டுமா? காத்து வருது.

— சாத்திதான் இருக்கு அத்தை. என்ன பாக்குறீங்க?

— நீ மாசமா இருந்தப்ப ஒரு நாள் சொன்ன. ஒருத்தர் இருக்குற மாதிரி இல்ல அத்தை, ரெண்டு பேர் இருக்குற மாதிரி இருக்குன்ன.

— ஸ்கேன்ல ஒருத்தன்தான் இருந்தான்.

— ஸ்கேன் கிடக்கட்டும். சொன்னியா இல்லையா?

— சொன்னேன். உள்ள வச்சப்ப நரம்பு எதையும் சேக்கல, வலி வந்தாக்கூட உனக்குத் தெரியாதுன்னார் டாக்டர். இவன் உதைச்சா வயித்துத் தோல்ல படும், அது தெரியும். ஆனா இன்னொண்ணு இருந்துச்சு. இவன் தூங்குறப்பயும் ஒரு பக்கம் அசையும். மெதுவா. உதைக்கிற மாதிரி இல்ல... யாரோ திரும்பிப் படுக்கிற மாதிரி.

— இடது பக்கம்... இடது பக்கம்தானே?

— நான் அதைச் சொல்லவே இல்லையே அத்தை. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அது அவ இடம்.

— யாரோட இடம்?

— உன் நாத்தனாரோட இடம்.

— இவருக்குக் கூடப் பொறந்தவங்களே கிடையாது!

— இவனுக்கு முன்னாடி ஒருத்தி. பத்து மாசமும் வயித்துல முழுசா இருந்தா. வெளிய வந்தப்ப அழல. முகத்தை மூடி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கும் உன் மாமனாருக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப அவரும் இல்ல.

— இதை டாக்டர்கிட்டயாவது...

— சொல்லல. ஒரே பிரசவம், சுகப்பிரசவம்னேன். உள்ளதைச் சொல்லியிருந்தா உங்களோடது வேண்டாம்மான்னு அனுப்பியிருப்பாங்க. அவளுக்கு இருந்த ஒரே வழியும் அடைஞ்சிருக்கும்.

— எதுக்கு வழி?

— பொறக்குறதுக்கு.

— செத்துப் போனவளா?

— அவங்க எடுத்துட்டுப் போனது உடம்பை. அவ போகல. பள்ளிக்கூடம் திறக்குற சமயத்துல யூனிஃபார்ம் துணி மலையா குவியும். ராப்பகலா மெஷின் மிதிப்பேன். மிதிக்கிற வரைக்கும் பேசாம இருப்பா. நிறுத்தினேன்னா உள்ளேர்ந்து ஒரு தட்டு தட்டுவா. ம், மிதிங்கிற மாதிரி. வாயுன்னாங்க. நானும் ஆமா வாயுதான்னு மருந்து வாங்கி வச்சுப்பேன். குடிக்க மாட்டேன்.

— பயமா இல்லையா உங்களுக்கு?

— பெத்தவளுக்கு என்ன பயம்? என்னால இனிமே அவளைப் பெத்துக்க முடியாது, வயசு போயிடுச்சு. என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தப்பதான் நீ வந்த.

— அப்போ எனக்காகக் குடுக்கல.

— உனக்காகவும்தான்.

— எனக்காக‘வும்’. அப்படித்தானே அத்தை?

— கோவிச்சுக்காத கண்ணு. அன்னைக்கு மயக்கம் தெளிஞ்சப்ப உள்ள அப்படியொரு அமைதி. ஆளுங்க எல்லாரும் கடையைப் பூட்டிட்டுப் போன மாதிரி. அதுக்கப்புறம் உன் வயித்தைப் பாத்துத்தான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன். பொடியனைக் கொண்டாந்து என் கையில குடுத்தாங்க. முகத்தைப் பாத்தேன். பாத்ததுமே தெரிஞ்சு போச்சு.

— என்ன தெரிஞ்சுச்சு?

— இது அவ இல்ல. அவளை முந்திக்கிட்டு இவன் வந்துட்டான். அவ இன்னும் உள்ளேயே உக்காந்திருக்கா, அவ முறை வரும்னு.

— அப்படிச் சொல்லாதீங்க.

— அதுக்குத்தான் கேக்குறேன். எடுத்துடாத. ஒரே ஒரு தடவை. உன் காலை வேணும்னாலும்...

— அய்யோ, எந்திரிங்க! என்ன அத்தை இது? எந்திரிங்க முதல்ல!

— சரின்னு சொல்லு, எந்திரிக்கிறேன்.

— எப்படிச் சொல்லுவேன்? அது... அது இல்ல அத்தை.

— எது இல்ல?

— பொடியனை எடுத்த அன்னைக்கே, அதே டேபிள்ல, அதையும் எடுத்துட்டாங்க. கிட்னி இதுக்கு மேல தாங்காதுன்னுட்டாங்க. அம்மாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்னு உங்க பையன்தான் சொன்னார். மாத்திரையெல்லாம் அன்னைக்கே நிறுத்தியாச்சு... அத்தை? ஏதாவது பேசுங்க. திட்டவாவது திட்டுங்க.

— எங்க போட்டாங்க?

— தெரியல. நான் கேக்கல.

— யாருமே கூட இல்லாமலா?

— அழாதீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— இனி அவ எங்க போவா? நீயே சொல்லு. என்கிட்டயும் இடம் இல்ல. உன்கிட்டயும் இல்ல. எங்கதான் போவா?

— போகல.

— என்னது?

— அவ எங்கயும் போகல அத்தை. இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இன்னைக்கு நீங்க இடது பக்கம்னு சொன்னதும்...

— கையை எடு. நான் தொட்டுப் பாக்குறேன். இங்கயா? ...இங்கயா? ஒண்ணும் தெரியலயே அம்மாடி.

— அங்க இல்ல.

— பின்ன எங்க?

— வெளிய வந்துட்டா. பொடியனுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான் குடுக்குறேன். மறுபக்கம் பால் கட்டி வலிக்கணும்ல? வலிக்கிறதே இல்ல. இவன் இந்தப் பக்கம் குடிக்கக் குடிக்க அந்தப் பக்கம் தானா வத்திப் போகுது. ஜாக்கெட் நனையல. ஒரு சொட்டு கீழ சிந்தல. யாரோ உறிஞ்சுறது தெரியுது அத்தை. பல் இல்லாத வாய்.

— அம்மாடி...

— தொட்டிலைப் பாருங்க. நீங்க பாக்கத்தானே இவனை நடுவுல படுக்க வச்சேன்? இப்ப எங்க கிடக்கான்?

— ஓரமா.

— கழுத்தே நிக்காத புள்ளை. புரளத் தெரியாது. தினமும் நடுவுல படுக்க வைப்பேன், திரும்பிப் பாத்தா ஓரத்துல ஒட்டிக்கிட்டுக் கிடப்பான். யாருக்கு இடம் விட்டிருக்கான்?

— அந்தப் பக்கம் மெத்தை அமுங்கியிருக்கே...

— நானும் தட்டித் தட்டிச் சரி பண்றேன். மறுபடியும் அமுங்குது.

— அப்போ பொறந்துட்டாளா? நிஜமாவே அவ பொறந்துட்டாளா அம்மாடி?

— சிரிக்காதீங்க அத்தை. நான் சொல்றதை முழுசா கேளுங்க. இவன் எடை ஏறல. பொறந்தப்ப இருந்ததைவிடக் குறைஞ்சுட்டான். பால் இருக்கு, குடிக்கிறான், அப்புறம் ஏன்னு டாக்டருக்கே புரியல. இவன் பங்கையும் சேத்து அவ குடிக்கிறா. எலும்பு கையில தட்டுது அத்தை. அவளைத் தனியா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாட்டுப் பாடிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். கேக்க மாட்டேங்குறா. நான் யாரு அவளுக்கு? வழியில ஏறின பஸ்ஸு. நீங்கதான் அம்மா. ஒரு பேர் வச்சுக் கூப்பிடுங்க, உங்க குரலுக்கு வருவா. உங்ககிட்டயே கூட்டிக்கோங்க. இவனை எனக்கு விட்டுடச் சொல்லுங்க... அத்தை? தொட்டிலையே ஏன் பாக்குறீங்க? என்னைப் பாருங்க. அவளைப் பாத்துச் சிரிக்காதீங்க... கூப்பிடுங்க அத்தை...