முன்வாசல்ல நிக்கறவன்

இருங்க அங்கிள், இப்ப மேல போகாதீங்க. ரெண்டே நிமிஷம். லிஃப்ட் வராது, அஞ்சாவது மாடியிலயே நிக்குது. கதவுக்கு நடுவுல யாரோ பக்கெட் வச்சுட்டாங்க. யாரா? நான்தான். அதுக்கு அப்புறமா அறையுங்க, இப்ப இந்தப் படியில கொஞ்சம் உக்காருங்க.

நான் எதிர் பிளாக்கு. உங்க பையனோட சேந்து துப்பாக்கி கேம் ஆடறவன். ஆமா, அவன் மார்க்கைக் குட்டிச்சுவராக்கினது நானேதான். ஸ்கூல்ல இருந்து போன் வந்திருக்கும், ஆபீஸ்ல பாதியில எந்திரிச்சு வந்திருக்கீங்க. ஹெல்மெட்டைப் புடிச்சிருக்கற புடியே சொல்லுது, மேல போனா அவனை என்ன பண்ணுவீங்கன்னு.

எங்க டீம்ல ரெண்டே பேரு அங்கிள். மத்தவங்க இருபது நிமிஷம் ஆடறதை நாங்க நாலு நிமிஷத்துல முடிச்சுடுவோம். எப்படின்னா, கேளுங்களேன், ஒருத்தன் முன்வாசல்ல நின்னு கண்டபடி சுடணும், கத்தணும். எதிராளி அந்தப் பக்கமே பாத்துட்டு இருப்பான். அதுக்குள்ள இன்னொருத்தன் பின்பக்கமா நுழைஞ்சு வேலையை முடிச்சுடுவான். முன்வாசல் நானு, பின்பக்கம் அவன். அவனுக்கு நான் வச்ச பேரு ஆமை. அவ்ளோ மெதுவா, மூச்சு கூடக் கேக்காது.

சிரிக்கறேனா? இல்ல அங்கிள், பயந்தா என் வாய் இப்படித்தான் கோணிக்கும்.

எனக்கு யாரு குரலும் வரும். உங்க வாட்ச்மேன் மாதிரி இருமினா அவரே திரும்பிப் பாப்பாரு. எங்கம்மா மாதிரி பேசி எங்கப்பாவை ரெண்டு தடவை காய் வாங்க அனுப்பியிருக்கேன். ஊரே என்னைத் திட்டும், ஆமை மட்டும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிப்பான். உங்க குரலா? அதைப் பண்ணிக் காட்டுன்னு அவன் கேட்டதே இல்ல.

எந்திரிக்காதீங்க. போனீங்கன்னா காலைப் புடிச்சுக்குவேன், நிஜமாத்தான் சொல்றேன். அக்கா மிஸ்டு கால் குடுக்கற வரைக்கும் உங்களை விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. உங்க பொண்ணுதான் அங்கிள், மேலதான் இருக்காங்க. மாடிப்படிக்குப் பெயின்ட் அடிக்க வந்த அண்ணனும் கயித்தை எடுத்துக்கிட்டு ஓடியிருக்காரு.

எதுக்குக் கயிறா?

இன்னிக்கு மேட்ச்ல ஒரே ஆள்தான் பாக்கி. ஆமை அசையாம பதுங்கிட்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். என் நாக்குல சனி. ஹெட்போன்ல, உங்களை மாதிரியே, அடித்தொண்டையில, டேய் கதவைத் தொறன்னு சொன்னேன். அவ்ளோதான். கெக்கேபிக்கேன்னு சிரிப்பான்னு பாத்தேன். நாற்காலி விழற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சன்னலு.

எங்க ரூம்ல இருந்து உங்க பின்பக்கச் சுவரு தெரியும். எட்டிப் பாத்தா, ஏசி பெட்டி வைக்கிற பலகையில, சுவத்தோட பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கறான். நான்தான்டா பேசினேன், உள்ள போடான்னு கத்தினேன். அவன் என்னைப் பாத்து உதட்டுல விரல் வச்சான். சத்தம் போடாதே, அப்பா உள்ள இருக்காருன்னு எனக்கே சைகை காட்டறான் அங்கிள்.

கத்திடாதீங்க. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடாதீங்க, உங்களைக் கும்பிடறேன். நீங்க இன்னும் வீட்டுக்கு வரலைன்னு அக்கா சொல்லிட்டே இருக்காங்க. இப்பதான் மெசேஜ் வந்துச்சு, அதை நம்பித்தான் அக்கா பக்கம் ஒரு கையை நீட்டியிருக்கானாம்.