ஊமைச் சுருள்

— விளக்கைப் போடுங்க துல்லியோ அண்ணே. போதும். இந்தக் காட்சியை வெட்டிடச் சொல்லுங்க.

— வெட்டச் சொல்ல நான் யாருடா? சத்தமில்லாம எடுத்த படத்துக்குக் குரல் கொடுக்க வந்த கூலிக்காரன். ஹீரோவுக்கும் நான்தான், சிங்கம் அடிச்சவனுக்கும் நான்தான்.

— எஜிதியோ சிங்கம் பழக்குறவன். ஹீரோவுக்குப் பதிலா வாள் வீரன் வேஷம் கட்டிச் சிங்கக் கூண்டுல இறங்கினான். அவன் நிஜமாச் செத்ததை டிக்கெட் போட்டுக் காட்டுவாங்களா? நெஞ்சுல ஈரமே கிடையாதா?

— ரோமாபுரியில ஈரம் டைபர் ஆத்துல மட்டும்தான் நேனோ. டைரக்டர் தாள்ல எழுதியே குடுத்துட்டான், பாரு: "கதவைத் திற! கதவைத் திற!" நான் கத்தியாகணும்.

— அதைத்தான் கத்தாதீங்கன்னு கெஞ்சுறேன். நான்தானே அந்தக் கூண்டுக் கதவுல நின்னேன்!

— அன்னிக்கு உனக்குக் கேட்டுச்சா?

— எங்கே கேக்கும்? புழுதி கிளப்புற காத்தாடி அலறிக்கிட்டு இருந்துச்சு. கம்பி இடுக்குல அவன் கை ஆடுறது மட்டும் தெரிஞ்சுது. கூப்பிடுறான். தாழ்ப்பாள் என் கையில. பின்னால அடிமை வேஷம் கட்டின பொம்பளைங்க, புள்ளைங்க. பயத்துல கை விறைச்சுப் போச்சுண்ணே.

— அந்தப் பெண் சிங்கம் கொன்டெஸ்ஸா பசு மாதிரின்னு அவன் சத்தியம் பண்ணுவானேடா.

— சாதுதான். அவன் கையால கறி தின்னு வளர்ந்தவ. வெயில் உச்சிக்கு ஏறியும் டைரக்டர் விடலை. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை"ன்னு அவளை விரட்டிக்கிட்டே இருந்தான். அந்தப் பேச்சைக் கேட்டாலே காதைப் பொத்திக்குவேன். பொண்டாட்டி சாப்பிட வான்னு கையாட்டினாக்கூட முகத்தைத் திருப்பிக்கிறேன்.

— சரி, தள்ளி உக்காரு. சுருளுக்குத் தலையும் வாலும் ஒட்டியிருக்கு, சுத்திச் சுத்தி ஓடும். நிறுத்துற வரைக்கும் பாவம் அவன் விழுந்துக்கிட்டேதான் இருப்பான்... ஏய் நேனோ. இங்க வா.

— நான் பாக்கமாட்டேன்.

— வாடான்னா! இவ்வளவு நேரம் தாளையே பாத்துத் தொலைச்சேன். அந்தக் கை கூப்பிடலைடா. உனக்கு நேரா நின்னதால அப்படித் தெரிஞ்சிருக்கு. கேமரா பக்கவாட்டுல இருந்து எடுத்திருக்கு, பாரு, தள்ளுறான். "போ, போ"ன்னு தள்ளுறான்.

— என் மனசு ஆறணும்னு சும்மா சொல்லாதீங்க.

— மடோன்னா மாதா மேல சத்தியமா! அடுத்தவன் உதட்டைப் பாத்தே ரொட்டி தின்னவன் நான். "திறக்காதே நேனோ, புள்ளைங்க இருக்கு." விழுற வரைக்கும் அதையேதான் சொல்றான்... அழாதடா. நான் இதைத்தான் கத்துவேன், டைரக்டர் என்னைத் துரத்தினாலும் சரி. விளக்கைப் போடச் சொல்லவா?

— வேணாம்ண்ணே. இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுங்க.