ஊரில எவடம், தம்பி?

சனிக்கிழமைகளில் ஐஸ்கிறீம், குளிர்ச் சோடா எதையும் நான் தொடமாட்டேன். ஞாயிறு காலை வானொலியில் பேசுகிறவன் தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே இடியப்பம் அவிக்கிற வீடுகள் ஸ்காபரோவில் ஏராளம். யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்த நான் இங்கே கனடாவுக்கு வந்து ஒரு கட்டடத்துக்குக் காவல் நிற்கிறேன். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் திரும்பவும் தியாகலிங்கம் மாஸ்ரர். நீங்கள் ஆறுதலாகக் கேட்பதால் நானும் ஆறுதலாகவே சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் பிலிப்பைன்ஸ்காரர் தங்கள் சுதந்திரப் பிரகடனத்தின் நூற்றாண்டைக் கொண்டாடினார்கள். அதையொட்டி ஒரு தொடர் தொடங்கினேன். முந்நூறு வருடத்துக்கு மேல் ஸ்பெயினின் கையில் கிடந்த தீவுகள். மணிலாவில் பண்டசாலை வேலை பார்த்த ஒருவன் இரகசியமாக இயக்கம் கட்டி எழுந்த கதை. அவனைப் பெயர் சொல்லாமல் தலைவன் என்றே சொல்வேன். ஊரில் போர் நடந்துகொண்டிருந்த காலம். நேயர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. நிகழ்ச்சியைக் கசெற்றில் பதிந்து வன்னியில் இருந்த எங்கள் இயக்கப் பொறுப்பாளர்களுக்கு அனுப்புகிறவர்களும் இருந்தார்கள். அந்தப் பொறுப்பாளர்களே ரெலிபோன் எடுத்துப் பாராட்டுவார்கள்.

தலைவன் சாகும் பகுதி வந்தது. ஸ்பானியப் படை அவனைச் சுட்டது என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். தொலைபேசி இணைப்பைத் திறந்ததும் ஓர் இளைஞன் வந்தான்.

"சேர், நான் வேலை செய்யிற பாங்கில பேர்ணடெற் எண்டு மணிலாப் பிள்ளை ஒண்டு இருக்கிறா. அவ வேற மாதிரிச் சொல்லுறா. ஸ்பெயின்காரன் சுடேல்லையாம். அவன்ர சொந்த ஆக்களே துரோகி எண்டு தீர்ப்புச் சொல்லி, அவனையும் தம்பியையும் மலைக்குக் கொண்டுபோய்ச் சுட்டவையாம். அதையும் சனத்துக்குச் சொல்லத்தானே வேணும்? எங்கட இடத்திலயும் உப்பிடி நடந்ததுதானே, சேர்."

அவன் சொன்னது சரி. அஜின்கோர்ட் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நானும் படித்திருந்தேன். ஓர் இனம் போராடிக்கொண்டிருக்கும்போது எல்லாப் பக்கங்களையும் வாசித்துக் காட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. இப்போதும் அதுதான்.

நான் சத்தம் போடவில்லை. எங்கள் ஆட்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால் கேட்பதைத்தான் கேட்டேன்.

"நல்ல கேள்வி. ஊரில எவடம், தம்பி? ஆரின்ர மகன்?"

மூத்தவர் கேட்டால் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை. அவன் அப்படி வளர்ந்த பிள்ளை. "என்னைத் தெரியேல்லையே, சேர்? நான் அன்புராசா. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் நவரட்ணத்தின்ர மூத்தவன். உங்களிட்டப் படிச்சனான்."

"அட, எங்கட அன்புராசாவோ! அம்மா, தம்பியெல்லாம் இப்ப எங்க?"

"இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், மல்லாவியில, சேர். தம்பி இன்பராசா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில சைக்கிள் கடை வைச்சிருக்கிறான்."

வானொலியில் ஒரு வழக்கம் உண்டு. நேயரின் குரல் தெளிவில்லாவிட்டால் அறிவிப்பாளர் திருப்பிச் சொல்ல வேண்டும். "நேயர்களே, அன்புராசாவின் தம்பி இன்பராசா, மல்லாவியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை நடத்துகிறாராம். எங்கே போனாலும் எங்கள் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள்," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அன்றைக்கு இணைப்பு மிகத் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு ஒரு பாட்டுப் போட்டோம்.

கோடை முடிவதற்குள் இன்பராசாவை இயக்கக்காரர் விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். தாய் யோகமலர் ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினார். அடுத்த முகாமில் கேளுங்கோ அம்மா என்றே எல்லா இடத்திலும் அனுப்பினார்களாம். மணிலாத் தலைவனின் மனைவியும் அப்படித்தான் மலை மலையாகத் தேடி அலைந்தாள். அந்தப் பகுதியை நான் தொடரில் சேர்க்கவில்லை.

அன்புராசா என் அப்பார்ட்மென்ருக்கு வந்து, செற்றியின் நுனியில் இருந்து அழுதான். பார்க்க எனக்கு நெஞ்சு வலித்தது. "நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், சேர். உங்களை அவையள் மதிக்கினம். ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ." தன்னையே நொந்தான், என்மீது ஒரு சொல் இல்லை. கதைக்கிறேன் என்றேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒருவரோடும் கதைக்கவில்லை.

பனி கொட்டத் தொடங்கிய நாட்களில், இனித் தேட வேண்டாம் என்று யோகமலருக்குச் சொல்லிவிட்டார்கள். உடலைக் கொடுக்கவில்லை. இங்கே ஒரு மண்டபத்தில் படம் வைத்து விளக்கேற்றினார்கள். படிப்பித்தவர் என்ற முறையில் அன்புராசா என்னைத்தான் பேசச் சொன்னான். பேசினேன். மண்டபமே அழுதது. எனக்கும் கண் கலங்கியது, அது நடிப்பில்லை.

அவனுடைய குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். முதல் சொல்லிலேயே தெரிந்தது. தம்பி மல்லாவியில் இருப்பதும் முன்பே தெரியும். பிக்கரிங்கில் அவன் வாங்கிய புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனபோது, என்னைச் சாப்பாட்டுக்கு முதல் வரிசையில் இருத்திவிட்டு அவனே சொன்னான். கசெற் யார் கைக்குப் போகும் என்பதும் தெரியும். இனத்தின் ஒற்றுமைக்காகச் செய்தேன் என்று கொஞ்சக் காலம் நினைத்திருந்தேன். அது இல்லை. நான் படிப்பித்த பிள்ளை, ஊரே கேட்டுக்கொண்டிருக்க என்னைத் திருத்தினான். கனடாவில் இருக்கிறவனை ஒன்றும் செய்ய முடியாது. மல்லாவியில் இருக்கிறவனைச் செய்யலாம்.

இன்பராசாவும் என்னிடம் படித்தவன்தான். நல்ல பிள்ளை, வகுப்பில் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை.