ஏழு முதுகுகள்

"போட்டோ இல்லேன்னா இந்தப் படத்துக்கா மாலை போடுவாங்க? அக்கா, உனக்கு..."

"அப்பா இதுலதான்டா இருக்காரு! கடைசில, துடுப்பைப் புடிச்சுக்கிட்டு..."

"ஏழு பேருமே முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. எந்த முதுகுக்குப் பொட்டு வைப்ப?"

"நீ ஸ்டூலைப் புடி. பேசாத."

கிட்ட வந்து உட்காருங்கள், சொல்கிறேன். சாயங்காலம் ஆறரை மணி. ஒரத்தநாட்டிலிருந்து பிரிகிற வாய்க்கால் சாலை... அதன் கடைசியில் ஒற்றை வீடு. என் சிநேகிதி அம்சத்தின் ஒன்றுவிட்ட தங்கை மாலதியும், அவள் தம்பி பிரபுவும்தான் இப்படி அடித்துக்கொண்டார்கள். மறுநாள் அவர்கள் அப்பா கேப்டன் ரெத்தினத்துக்குக் கருமாதி.

போட்டோ எடுக்கவே விடாத மனிதர். இருந்தது சுவரில் மாட்டியிருந்த அந்த ஓவியம் மட்டும்தான். எழுபத்தொன்றாம் வருடச் சண்டை. இருட்டில் ஓர் ஆறு, படகில் ஏழு ராணுவக்காரர்கள். கரையேறியவர் கேப்டன் ஒருவரே. அதற்குப் பிறகு பிறந்தவள் மாலதி. அவளை ஒருநாள்கூட முகம் பார்த்துப் பேசியதில்லை. சுவரைப் பார்த்தே சாப்பிடுவார், சுவரைப் பார்த்தே தூங்குவார்.

"செத்த பிறகாவது என்னைப் பாக்கட்டும்டா" என்றாள் மாலதி.

ஓவியத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். சோறு, கறிக்குழம்பு, ஒரு கிளாஸ் ரம். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்கள்.

உள்ளே... சளக். சளக். நனைந்த பூட்ஸ். ஆற்றுச் சேறு நாறியது.

கதவைத் திறந்தால் இலை வழித்துத் துடைத்திருந்தது. ரம் மட்டும் அப்படியே.

"அப்பா சாப்பிட்டாரு!"

பிரபு விளக்கைத் தூக்கிப் பிடித்தான். ஓவியத்தில், படகின் முன்னால் இருந்த சின்னப் பையன் திரும்பி இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்... வாயோரம் பருக்கை.

"அக்கா, கிளம்பு. இப்பவே."

"மொதல்ல ஆளுங்க சாப்புடணும், ஆபீசர் கடைசிலதான்னு அப்பா சொல்லுவாருடா. நான் இருக்கேன்."

கருமாதி முடிந்ததும் பிரபு போய்விட்டான். மாலதி அந்த வீட்டிலேயே இருந்தாள், தன்னந்தனியாக. அமாவாசைக்கு அமாவாசை ஓர் இலை. அமாவாசைக்கு அமாவாசை ஒரு முகம். ஐந்து அமாவாசையில் ஆறு பேரும் திரும்பிவிட்டார்கள்.

போன அமாவாசையன்று அம்சம் போன் போட்டாள். எடுக்கப்பட்டது. ஈரக் காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஒரு கிளாஸைத் தரையில் மெல்ல வைக்கிற சத்தம் மட்டும். அப்புறம் மாலதி பேசினாள்... அம்சத்திடம் அல்ல.

"அப்பா... எல்லாரும் சாப்பிட்டாங்கப்பா. இப்பவாவது இந்தப் பக்கம் திரும்புங்க... நான்தான், மாலதி."